கண்டியில் என் கையைக் கட்டிப்போட்ட கதிரை

கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை நான் உட்கார்ந்திருந்து பல வருடங்களாகின்றன. எங்கோ ஒருவர் மூளைச்சாவு அடைந்து, அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் கொடுக்க வீட்டார் சம்மதித்தால் சென்னையில் என் கைபேசி அலறும். இலையை மூடிவிட்டு ஓடுவேன். வெளியே எடுத்த இதயத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். அதற்குள் அது இன்னொரு நெஞ்சில் துடிக்கத் தொடங்கிவிட வேண்டும். இந்தப் பிழைப்பு எனக்குத் தந்த வியாதி, எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாலைகளை நிமிடத்தால் அளப்பது. கண்டிக்குப் போனதும் அந்த வியாதியோடுதான்.

ஐந்து நாள் வேலை. அங்கே ஒரு மருத்துவமனையின் அறுவைக் குழுவுக்கு இதயமும் நுரையீரலும் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். 'இவர்கள் தனியாகப் போய் எடுத்து வரலாம்' என்று கடைசியில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அங்கே மாற்றுச் சிகிச்சையே ஆரம்பமாகும். போடாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கோப்பு மூடப்படும்.

விமான நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டவர் நவாஸ். குழுவுக்காக வேன் ஓட்டுபவர், கண்டியில் மஹய்யாவக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டேன்.

"கண்டிக்கு எவ்வளவு நேரம்?"

"ரோட்டப் பொறுத்து ஈக்கி, டொக்டர்."

"சராசரியா?"

"சராசரியாப் போற ரோடு இல்ல இது."

உண்மைதான். கடுகண்ணாவ ஏற்றத்தில் மரம் ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், நவாஸ் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதுமாக இருபத்தாறு நிமிடம் போயிற்று. கடைசியில் அவரே ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் வேனை நிறுத்தினார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும், நடுவில் மீன் வைத்த பணிஸும் வந்தன. எங்கள் ஊரில் பால் இல்லாத டீ என்றால் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே அதை ரசித்துக் குடிக்கிறார்கள். நானும் ரசித்தேன், நின்றுகொண்டே.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சந்தின் முகப்பிலிருந்து உள்ளே போகப்போக, கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி வரிசையாக வெள்ளைக் கொடிகள். நவாஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"மவுத்தான ஊடு. இங்க இப்பிடித்தான் கட்டுவாங்க" என்றார், சாவு வீட்டைச் சொல்லி.

மறுநாள் காலை இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். இடியப்பத்தை இவர்கள் உள்ளங்கை அளவில் தட்டுத் தட்டாகப் பிழிகிறார்கள். எட்டு சாப்பிட்டேன். பயிற்சி அறைக்குப் போனால் டாக்டர் தர்ஷினி எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் படித்துக் கண்டியிலேயே தங்கிவிட்டவர், முப்பத்தைந்து வயதுக்குள். உறுப்பு எடுக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி. குறைவாகத்தான் பேசுவார். கேட்டால், ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார்.

பயிற்சிக்குப் பன்றி இதயங்கள் சொல்லிவைத்திருந்தோம். அளவிலும் அமைப்பிலும் நம்முடையதற்கு நெருக்கமானவை. நவாஸ்தான் போய் ஏற்றி வந்தார். ஐஸ் பெட்டியை மூன்று சுற்றுப் பொலித்தீனில் சுற்றி, வேனின் கடைசி மூலையில் வைத்து, இடையில் ஒரு பலகையையும் நிறுத்தியிருந்தார். அவர் முஸ்லிம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "வேலதானே டொக்டர்" என்று சொல்லிவிட்டுக் கையை மட்டும் இரண்டு தடவை கழுவினார்.

பெட்டியைத் திறந்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன். இரத்தம் வடியட்டும் என்று இறைச்சிக்காரர் ஆறு இதயத்தையும் நடுவில் கீறி, நாளங்களை ஒட்ட நறுக்கித் தள்ளியிருந்தார். வறுவலுக்கு அருமையான வெட்டு. எங்களுக்கு உதவாது.

"சரி, இன்றைக்குப் படம் போட்டுப் படிப்போம். வியாழக்கிழமைத் தேர்வுக்கு மட்டும் நல்லதாக வாங்கிவிடலாம்" என்றேன்.

 தர்ஷினிதான் மெல்ல வாயைத் திறந்தார்.

"வியாழன் போயா, அக்கா."

"போயா என்றால்?"

"பௌர்ணமி. அண்டைக்கு நாட்டிலை ஒரு இடத்திலையும் இறைச்சி வெட்ட மாட்டினம், விக்கவும் மாட்டினம்."

"ஒரு மாதத்துக்கு முன்பே தேதி அனுப்பினேனே! ஏன் யாரும் சொல்லவில்லை?"

"பரீட்சைக்கான இதயங்களை நீங்கள் சென்னையிலை இருந்து கொண்டு வருவியள் எண்டு நினைச்சம். நாள் குறிச்சு அனுப்பின பிறகு என்னெண்டு கேக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறித்தது நான்தான் என்பதால் அதை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். தர்ஷினி என் பின்னாலேயே வந்து, "ஒராளைக் காட்டிறன், வாங்கோ" என்று வார்டுக்குக் கூட்டிப்போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் சிவகாமி. இருபத்துநான்கு வயது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். காய்ச்சலில் இதயம் பலூன்போல விரிந்துவிட்டது. கையில் ஏறும் மருந்தை நிறுத்தினால் துடிப்பும் நிற்கும். அவளுடைய அம்மா கொழுந்து எடுத்து முடித்துவிட்டு, கலஹாவிலிருந்து பஸ் பிடித்துத் தினமும் வருகிறாராம். அன்றும் வந்திருந்தார்.

"வாங்கம்மா. இந்தியாவுல இருந்து வந்த டாக்டர் நீங்கதானா? நீங்க கையெழுத்து போட்டாத்தான் ஆரம்பிப்பாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. போட்டுருவீங்கல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் சிவகாமி, "சும்மா இருங்கம்மா" என்று அதட்டினாள். பிறகு மூச்சு வாங்கி வாங்கி என்னிடம் கேட்டாள்.

"வேற ஒருத்தங்க இதயத்த வெச்சா படி ஏறலாமா மேடம்? எங்க லயத்து வீட்டுக்குப் போக எழுவத்திரண்டு படி."

"ஏறலாம். மெதுவாக" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இறைச்சிக்கு வழி சொன்னவர் நவாஸ். "எங்கட மச்சான் பளீலுக்கு ஆட்டெறச்சிக் கட ஈக்கி. அவர்ட்ட கேட்டுப் பாக்கட்டா? நாளக்கிக் காலையில வெட்டுறாங்க. போயாக்கு முந்தின நாள் நல்ல வியாபாரம்."

ஆட்டின் இதயம் குழந்தையின் இதயம் அளவுதான். ஆனால் சின்னதில் வெட்டப் பழகியவருக்குப் பெரியது சுலபம். புதன்கிழமை விடிந்ததும் போய்விட்டோம். பளீல் அகலமான மனிதர். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, இடுப்பில் சாரன். எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: இதயமும் இரண்டு நுரையீரலும் மூச்சுக்குழலும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வர வேண்டும், எதையும் கீறக்கூடாது, நாளங்கள் நீளமாக நிற்க வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். அறுத்துத் தோலுரித்து முடித்து, நெஞ்சைத் திறந்து கத்தியை உள்ளே விட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கே இல்லை, இன்னும் மேலே" என்று கையை நீட்டிவிட்டேன்.

பளீல் கத்தியை அசைக்காமல் அப்படியே நிறுத்தினார்.

"கைய எடுங்க டொக்டர். கத்தி ஒராள்ட கையிலதான். நீங்க வாயால சொல்லுங்க, நான் வெட்டுறேன். ரெண்டு பேரு வெட்டினா வேலயும் கெடும், வெரலும் போகும்."

வாயால் சொன்னேன். மூன்றாவது ஆட்டுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ஐந்தாவதை எங்கள் ஊர்ப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கலாம், அவ்வளவு சுத்தம்.

அவருடைய வீட்டில் பாண் என்கிற ரொட்டியும் ஈரல் கறியும் வைத்தார்கள். வட்டிலப்பம் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் இரிங்களேன், இப்ப எறக்கிருவேன்" என்று அவர் மனைவி கெஞ்சினார். நான் எழுந்துவிட்டேன். மூன்று தொகுதிகளை எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமைக்காக இரண்டை அவருடைய குளிர்பெட்டியிலேயே விட்டுவந்தேன்.

அன்றைய பயிற்சியைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இதயத்தையும் நுரையீரலையும் இரண்டு வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுப்பதானால் நடுவே இருக்கும் ஒரே சுவரைப் பங்கு பிரிக்க வேண்டும். இதயத்தின் பக்கமும் தைப்பதற்கு விளிம்பு வேண்டும், நுரையீரலின் பக்கமும் வேண்டும். ஒரே துணியில் இரண்டு ரவிக்கை வெட்டுவது போன்ற காரியம். முதல் இரண்டையும் தர்ஷினியும் இன்னொரு டாக்டரும் ஓரளவு சரியாகவே பிரித்தார்கள். மூன்றாவதில் தர்ஷினி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையிலிருந்து கத்தரியைப் பறித்து நானே வெட்டினேன். வெட்டு நுரையீரல் பக்கம் சரிந்துவிட்டது. வலது பக்கம் தைக்க விளிம்பே மிஞ்சவில்லை.

உண்மையான மேசையாக இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கோ போக வேண்டிய நுரையீரலைக் குப்பைக்கு அனுப்பியிருப்பேன். கற்றுக்கொடுக்க வந்தவள் நான்.

"பரவாயில்லை, அக்கா" என்றார் தர்ஷினி. திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

தேநீர் குடிக்கும்போது அவராகவே என் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. நீங்கள் பறிச்சால், நான் பிழை விடுவனோ, விட்டால் திருத்துவனோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எதைப் பாத்துக் கையெழுத்துப் போடுவியள்?"

இதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவர் எடுத்த நல்ல இதயம் ஒன்று மேசையிலேயே கெட்டது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அதை எதிர்பார்த்துத் தயாராகக் கிடந்த நோயாளி அடுத்த இதயம் வரும்வரை இருக்கவில்லை. அதிலிருந்து என் கை யாரையும் நம்புவதில்லை. சென்னையில் ஒருவரைக்கூட நான் தனியே அனுப்பியதில்லை.

தர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தார். 

"சென்னையிலை நீங்கள் பக்கத்திலை இருக்கிறியள். இஞ்சை நாளைக்கு நீங்கள் இருக்க மாட்டியள். சிவகாமி இருப்பா" என்றார்.

போயா அன்று கண்டியில் எங்கு பார்த்தாலும் வெள்ளை உடுப்பு. கையில் பூத்தட்டோடு குடும்பம் குடும்பமாக, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். இறைச்சிக் கடைகளெல்லாம் பூட்டு. பளீலின் கடையிலிருந்து எங்கள் இரண்டு தொகுதிகளையும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கூட்டத்துக்காகச் சாலையை அடைத்திருந்த இடத்தில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் பெட்டியைத் தட்டினார். நவாஸ் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

வருடத்தில் எத்தனையோ நாள் இருக்க, போயா அன்று, வெள்ளை உடுத்த கூட்டத்தின் நடுவே, ஒரு பெட்டி நிறைய ஆட்டு இதயமும் நுரையீரலும்! நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் பூத்தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கடிகாரம் மண்டைக்குள் அடித்தது. நவாஸும் பொலிஸ்காரரும் சிங்களத்தில் பேசியதை நவாஸ் பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்.

"இன்றைக்கா விற்கிறாய்?"

"விற்பதற்கு இல்லை சார். பெரியாஸ்பத்திரி டாக்டர்கள் படிப்பதற்கு."

"செத்த ஆட்டில் என்ன படிப்பு?"

"ஒருவரின் இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைப்பதற்கு. இந்த அம்மா அதற்காகத்தான் வந்திருக்கிறார். பரீட்சை இன்றைக்கு."

பொலிஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியின் மூடியைத் தானே அழுத்தி மூடினார். "மாளிகைக்கு முன்னால் இதைக் கொண்டுபோகாதே. குளத்துக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போ. பாஸ் பண்ணச் சொல்" என்றாராம்.

முப்பத்தெட்டு நிமிடம் தாமதம். முதல் தொகுதியை இன்னொரு டாக்டர் பிரித்தார், சரியாக. எஞ்சியது ஒன்று. அது தர்ஷினியுடையது. அவர் கையுறை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். அது ஏற்கெனவே பாதி நீண்டிருந்தது.

துப்பட்டாவைக் கழற்றினேன். வலது மணிக்கட்டைச் சுற்றி, நான் உட்கார்ந்திருந்த மரக் கதிரையின் கையோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தாதி ஒருவர் சிரித்துவிட்டார். தர்ஷினி சிரிக்கவில்லை. "நன்றி அக்கா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுச்சுவரில் பாதி தூரம் வந்ததும் கத்தரி வழுக்கியது. நேற்று நான் சறுக்கிய அதே பக்கம். வலது நுரையீரலின் விளிம்பு குறைந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன். கதிரையும் என்னோடு எழுந்தது. அதன் கால் பக்கத்து மேசையில் இடித்து, கிண்ணம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. தர்ஷினி நிமிரவே இல்லை.

"இருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் கத்தரியை வைத்தார். எண்ணிப் பத்து விநாடி சும்மா நின்றார். பிறகு இதயத்தைச் சுற்றியிருந்த மெல்லிய உறையில் ஒரு கீற்றை வெட்டியெடுத்து, குறைந்துபோன விளிம்பில் ஒட்டுப் போட்டுத் தைக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாத தையல். முடிந்ததும் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

நேற்று அவர் யோசித்து நின்ற அந்தக் கணத்தைத் தயக்கம் என்று நினைத்துத்தான் பறித்தேன். அது அவர் வேலை செய்யும் விதம். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இடது கையாலேயே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. தாதிதான் அவிழ்த்துவிட்டார். மரத்துப்போன அந்தக் கையால் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக வந்தது. மாற்றி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது வார்டுக்குப் போய்ச் சிவகாமியிடம் சொன்னேன். "போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இனி எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். முகம் தெரியாத ஒரு வீட்டில் சாவு விழ வேண்டும். அதை வேண்டிக்கொள்ள யாருக்கும் வாய் வராது. நான் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சில்லென்றிருந்தது.

வேனில் ஒரு டப்பா இருந்தது. பளீலின் மனைவி கொடுத்தனுப்பிய வட்டிலப்பம். கித்துள் பனைப் பாகும் ஏலக்காயும் மணத்தன. கடுகண்ணாவ இறக்கத்தில் கரண்டி இல்லாமல் விரலால் வழித்துச் சாப்பிட்டேன். சென்னைக்குத் திரும்பியும் கண்டிச் சாலைகளையே அளந்துகொண்டிருந்தேன். கைபேசி அடிக்கும்போதெல்லாம் தர்ஷினியாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஏழு வாரம் கழித்து, தாம்பரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். முகூர்த்தம் முடிவதற்குள் செய்தி வந்தது: "அக்கா, எடுக்கப் போறம்."

உடனே அழைக்க விரல் போனது. வீட்டார் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, ஐஸ் போதுமா, எந்த வழியாகப் போகிறீர்கள், நூறு கேள்வி. கைபேசியைக் கணவரிடம் கொடுத்து, கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். சேலைத் தலைப்பை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று, கை சுளுக்கா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். எங்கோ ஒரு சந்தில் வெள்ளைக் கொடி கட்ட ஆரம்பித்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது.

பந்தியில் உட்கார்ந்தபோது கணவர் கைபேசியை நீட்டினார். நவாஸின் குரல்.

"டொக்டர், நாப்பத்தொரு நிமிசத்துல கொண்டாந்துட்டேன். பொட்டிய பின்னால வெக்கல்ல. முன் சீட்டுல எனக்குப் பக்கத்துல வெச்சி, பெல்ட்டும் போட்டு உட்டேன்."

பாயசம் வந்தது. இலையில் விடச் சொன்னேன். ஆற ஆறப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தி காலியாகி, அடுத்த பந்தியும் முடிந்து, அதற்கும் அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து என் தலைக்கு மேல் நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது தர்ஷினியின் செய்தி வந்தது.

"சிவகாமியின்ரை நெஞ்சிலை அடிக்குது, அக்கா. எடுக்கேக்கை ஒரு இடத்திலை கிழிஞ்சது, தைச்சிட்டன். நீங்கள் நிண்டிருந்தால் பறிச்சிருப்பியள்."

ஓம், பறித்திருப்பேன்.